நாலு மூலையில் பூத்த கொடி

சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்குக் காப்புக் கட்டு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போகி அன்று சாயங்காலம் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி வீட்டுக் கூரையின் விளிம்பில் செருகுவார்கள். மாட்டுக் கொட்டகையில் ஒன்று. அப்புறம் வயலுக்குப் போய் நான்கு மூலையிலும் ஒவ்வொரு கொத்து. அந்த வருஷம் முழுக்க வெள்ளாமைக்கும் மாட்டுக்கும் வீட்டு மனுஷருக்கும் கெடுதல் வராது என்பது நம்பிக்கை. பூளையை யாரும் விதைப்பதில்லை. மார்கழி கடைசியில் ரோட்டோரமெல்லாம் பஞ்சு பஞ்சாக, வெள்ளையாக, தானே நிற்கும்.

அந்தமானில் அது இல்லை.

எங்கள் அப்பா பழனிசாமியும் அம்மா நீலாவதியும் ராசிபுரம் பக்கத்திலிருந்து 1961-இல் கப்பல் ஏறியவர்கள். அம்மாவின் அண்ணன் ஜெகநாதன் மாமா முன்பே வந்து ஃபாரஸ்ட் டிபார்ட்மென்டில் கார்டாக இருந்தார். அவர் சொல்லித்தான் இவர்களும் வந்தது. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் சின்ன போட் பிடித்து இன்னொரு தீவிலிருக்கும் ரங்கத், அங்கிருந்து மாட்டு வண்டி. கடைசியில் ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஓடை ஒன்று போகும். எல்லோரும் இந்தியில் சொல்வதுபோல நாங்களும் அதை நாலா என்றுதான் சொல்வோம். நாலாவுக்கு இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள், அந்தப் பக்கம் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். ஆளுக்குக் கொஞ்சம் வயல், கொஞ்சம் மேட்டு நிலம், ஒரு ஜோடி மாடு. சர்க்கார் கொடுத்தது அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கூரை சலாய் இலை. குடையை விரித்துக் கவிழ்த்த மாதிரி வட்டமாக இருக்கும். நாலா மேலே தொடங்குகிற இடுக்கில் அந்தச் செடி கூட்டம் கூட்டமாக நின்றது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் எல்லா வீட்டுக்கும் அங்கிருந்துதான் இலை. புது இலை வேய்ந்த வீட்டுக்குள் முதல் மழைக்கு ஒரு வாசனை வரும் பாருங்கள், ஈர மூங்கில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட மாதிரி. இப்போது எல்லா இடத்திலும் தகரம் வந்துவிட்டது. மழை பெய்தால் பேசுவதுகூடக் கேட்பதில்லை.

வந்த புதிதில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒன்றும் இல்லை. ஆவாரம் இல்லை, வேம்பு இல்லை, பூளையும் இல்லை. பானை வைத்துப் பொங்கினார்கள், மாட்டுக்கு மஞ்சள் பூசினார்கள். கூரை மட்டும் மொட்டையாக நின்றது. அந்த மாசியில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளை, கைக்குழந்தை, காய்ச்சலில் போய்விட்டான். எனக்கு அண்ணனாக இருந்திருக்க வேண்டியவன். காலனியில் வயதில் மூத்தவர் அன்னம்மாள் பாட்டி. அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவர்தான், ஆனால் அழுதுகொண்டே, காப்பில்லாத ஊட்டுல புள்ள எப்படித் தங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மனதில் கள்ளம் வைத்துச் சொன்னதில்லை. ஆனால் அம்மாவுக்கு அது அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த மார்கழியில் அப்பா நெல்லு மூட்டையோடு ரங்கத் ஜெட்டிக்கு வண்டி கட்டினார். அம்மாவும் கூடப் போனார். ஜெட்டிக்குப் பக்கத்தில் மரம் அடுக்கி வைக்கும் டிப்போ. அதன் வேலி முழுக்க ஒரு கொடி படர்ந்து, மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பாதிப் பூ முற்றிப் பஞ்சாகவும் ஆகியிருந்தது.

"ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க. பூளை."

"கொடியில எங்கடி பூளை பூக்கும்?" என்று அப்பா கேட்பதற்குள் அம்மா இறங்கிவிட்டார்.

முந்தானை நிறையப் பறித்தார். அது போதவில்லை என்று, அப்பாவின் அரிவாளை வாங்கி, கொடி கொடியாகவே அறுத்து வண்டியில் போட்டார். அந்தக் கொடி யார் கொண்டுவந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஜப்பான்காரன் போட்டது என்றார்கள் சிலர். கப்பலில் மாட்டுக்குப் போட்ட வைக்கோலோடு வந்தது என்றார்கள் சிலர்.

அந்தப் போகிக்குக் காலனி முழுக்கக் காப்புக் கட்டினார்கள். அம்மா வீடு வீடாகக் கொடுத்தார். சலாய்க் கூரை விளிம்பில் வெள்ளைக் கொத்து. கொட்டகையில் கொத்து. எல்லோர் வயலிலும் நாலு மூலைக்கும் நாலு கொத்து, காற்றில் சாயாமல் இருக்க அடித்தண்டை ஈர மண்ணில் அழுத்தி நட்டு வைத்தார்கள். அன்னம்மாள் பாட்டி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, இன்னைக்குத்தான் இது நம்ம ஊரு மாதிரி இருக்குது என்றாராம். கப்பலை விட்டு இறங்கியபின் தான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஜெட்டிக்குப் போக வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. மண்ணில் அழுத்திய தண்டெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டு வரப்பில் படர்ந்திருந்தது. பறிக்க நாலு அடி நடந்தால் போதும். பூளைக்கொடி என்று பேரும் வைத்துவிட்டார்கள். சாமியாகப் பார்த்து அனுப்பியது என்று பேச்சு.

நாலாவுக்கு அந்தப் பக்கத்து நிவாரண் மண்டல் மட்டும் ஒரு நாள் வரப்பில் நின்று தலையை ஆட்டினார். எங்கள் வயலுக்கு நேர் எதிர் வயல் அவருடையது. அப்பாவும் அவரும் பாதி இந்தி, பாதி கைச்சாடையில் பேசிக்கொள்வார்கள். பாரிசாலில், அவர்கள் ஊரில், இதற்கு ரெஃப்யூஜி லதா, அதாவது அகதிக் கொடி, என்று பேராம். வந்து ஒரு மூலையில் ஒதுங்கும், அப்புறம் எழுப்பவே முடியாது, எங்களை மாதிரி என்று சொல்லி அவரே சிரித்தாராம். தூக்கிப் போடு தாதா என்றாராம்; தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன். அப்பா கேட்கவில்லை. மண்டல் கையில் அரிவாள் பட்டபோது இதே இலையைக் கசக்கிக் கட்டியதை அப்பா பார்த்திருக்கிறார். மருந்துச் செடியைப் போய் ஏன் பிடுங்கச் சொல்கிறார்? நம் வெள்ளாமை நன்றாக வருகிறதே என்ற எரிச்சல்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இதில் என்ன கொடுமை என்றால், ஜெகநாதன் மாமாவுக்கு உத்தியோகமே அந்தக் கொடியைக் கண்காணிப்பதுதான். ரோட்டோரம் புதிதாக வைத்த தேக்குக் கன்றுகளை அது மூடிக் கொன்றுகொண்டிருந்தது. வாரம் ஒரு தரம் மாமா ஜெட்டியிலிருந்து நடந்து வருவார். கொடியின் நுனி எந்த மரம் வரைக்கும் வந்திருக்கிறதோ அந்த மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். அடுத்த வாரம் துணியைத் தாண்டியிருந்தால் ஆள் வைத்து அறுத்துப் பின்னால் தள்ளுவார். அப்படி ரோட்டில் ஒரு கல்வெர்ட்டுக்கு, சின்னப் பாலத்துக்கு, இந்தப் பக்கம் வராமல் அதை நிறுத்தி வைத்திருந்தார். அந்த முதல் காப்புக்கு முன்பே அவரை மாயாபந்தர் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஒரு பொங்கலுக்கும் தங்கை வீட்டுக்கு வர லீவு கிடைக்கவில்லை. 1966 கடைசியில்தான் திரும்பி வந்தார். வந்ததும் முதலில் போய்ப் பார்த்தது கல்வெர்ட்டைத்தான். சிவப்புத் துணி வெளுத்துப்போய் அதே மரத்தில் இருந்தது. பதிலுக்கு வந்த கார்டும் விடாமல் அறுத்திருந்ததால் கொடி தாண்டவில்லை. மனசு குளிர்ந்து, காட்டு வழியாகவே தங்கையைப் பார்க்கலாம் என்று மேட்டில் ஏறினார்.

மேட்டு உச்சியிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். மார்கழி மாதம், கொடி பூத்திருந்த சமயம். நாலாவுக்கு அந்தப் பக்கம் மண்டல் வகையறா வயல்கள் அறுப்பு முடிந்து சுத்தமாகக் கிடந்தன. இந்தப் பக்கம் ஒவ்வொரு வயலுக்கும் நாலு மூலையில் நாலு வெள்ளைப் புதர். ஒரு வயல் தப்பவில்லை. காற்றில் பறந்து வந்த விதை இப்படி மூலை பார்த்து இறங்காது. மாமாவும் ராசிபுரத்து ஆள்தானே. அவருக்கு யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கேயே ஒரு வேர் மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

அண்ணன் வந்த சந்தோஷத்தில் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். மாமா சாப்பிட்டுக் கை கழுவினார். அப்புறம் கூரை விளிம்பிலிருந்து போன வருஷத்துக் காய்ந்த கொத்தை உருவினார்.

"இது எங்கிருந்து வந்துச்சு அம்மிணி?"

"டிப்போ வேலியில இருந்துங்கண்ணா. பூளை மாதிரியே இல்ல?"

"மொதல்ல யாரு கட்டுனது?"

"நாந்தான்."

மாமா கொத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். பூ இப்போது வெள்ளையாக இருக்கிறது. பொங்கல் வாக்கில் பஞ்சாகிப் பறக்கும். பறந்தால் நேரே நாலா இடுக்குக்குள்தான் போகும், காற்று அந்தப் பக்கம்தான். கீழ்ப்பாதியில் ஏற்கெனவே ஏறிவிட்டது. மேற்பாதியும் போனால் சலாய் போய்விடும், பிரம்பு போய்விடும், புறா வந்து தின்கிற பழ மரத்துக் கன்றெல்லாம் போய்விடும். இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத மரங்கள் அங்கே நிற்கின்றன என்று பெரிய ஆபீசரே சொல்லியிருக்கிறார். கூரைக்கு இலை வேண்டுமென்றால் அப்புறம் மேற்குக் காடுதான். அது இந்தத் தீவின் ஆதிக்குடிகளான ஜாரவா மக்களின் காடு. அங்கே நாம் கால் வைக்கக் கூடாது. ஆகவே பொங்கலுக்கு முன்னால் எல்லா மூலையிலும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இனிமேல் கட்டவும் கூடாது.

அம்மா அப்போது மாசமாக இருந்தார். பங்குனியில் நாள்.

"இந்த ஒரு வருஷம் மட்டுங்கண்ணா," என்றார். "புள்ள பொறந்து நிக்கட்டும். அடுத்த பொங்கலுக்கு நானே புடுங்கிப் போடறேன்."

"அடுத்த பொங்கலுக்கு நாலாவுல புடுங்கறதுக்கு அது மட்டுந்தான் இருக்கும், அம்மிணி."

அப்பா நடுவில் புகுந்து ஒரு யோசனை சொன்னார். "ஏன் மச்சான், ஊர்ல இருந்து நெசப் பூளை வெதையவே கொண்டாந்து போட்டுட்டா?"

மாமா அவ்வளவு கஷ்டத்திலும் சிரித்துவிட்டார். "மாப்ள, அந்தக் கொடிய இங்க கொண்டாந்தது யாருன்னு நெனக்கறீங்க? உங்கள மாதிரி யோசன பண்ணுன ஒரு மாப்ளயாத்தான் இருக்கும்."

மறுநாள் காலனியில் எல்லோரையும் கூட்டிப் பேசினார்கள். ஆம்பளைகள் சரி என்றார்கள். பொம்பளைகளுக்கு மனசில்லை. டிபார்ட்மென்ட் ஆளைக் கூட்டி வந்து மாமாவே பிடுங்கலாமே என்று யாரோ கேட்டார்கள். ஒரு தரம் பிடுங்கினால் போதாது, விரல் நீளத் துண்டு கிடந்தாலும் துளிர்க்கும், தினமும் வரப்பில் நடக்கிறவர்கள் பார்த்துப் பார்த்து எடுத்தால்தான் உண்டு என்றார் மாமா. கடைசியில் அன்னம்மாள் பாட்டிதான் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள், மறுபடி வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறவளும் அவள், நீலா தன் வயலில் கை வைத்தால் நாங்களும் வைக்கிறோம், அவளை யாரும் வற்புறுத்தக் கூடாது என்றார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. விடிந்ததும் அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு இலை பார்க்கப் போனார். அப்பா தடுத்தும் கேட்கவில்லை. நாலாவில் கால் வைத்து மெல்ல ஏறினார். கீழ்ப்பாதியில் சலாய் எங்கே என்றே தெரியவில்லை. பச்சைப் போர்வையை எடுத்து எல்லாவற்றின் மேலும் போட்ட மாதிரி மேடு மேடாக இருந்தது. ஒரு மேட்டில் கொடியை இழுத்து விலக்கினால் உள்ளே சலாய் இலை மஞ்சளாகி, குடைக் கம்பி ஒடிந்த மாதிரி மடிந்து கிடந்தது. கையில் எடுத்ததும் நொறுங்கியது. இன்னொன்றைப் பார்த்தார், அதுவும் அப்படியே. நல்ல இலை ஒன்றுகூடத் தேறவில்லை.

இன்னும் கொஞ்சம் ஏறினால் ஒரு வழுக்குப் பாறை. அதற்கு மேலே பழைய நாலா அப்படியே இருந்தது. தண்ணீர் சொட்டுகிற சத்தம், கல்லில் பாசி, மரத்தில் தொங்குகிற சின்னச் சின்ன மஞ்சள் பூ, வட்ட வட்டமாகச் சலாய். பிள்ளை போன பிறகு அம்மா யாருக்கும் தெரியாமல் வந்து உட்கார்ந்த இடம் அது. அங்கே உட்கார்ந்துதான் அழுது தீர்த்ததாக எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு தரம் சொன்னார். பாறையின் பாதியில் கொடியின் நுனி வந்து நின்றது. ஒரே ஒரு நுனி. இரண்டு இலை, நடுவில் பூ.

அம்மா அதைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயலுக்குப் போய் வடகிழக்கில், சனி மூலையில், குந்தினார். முதல் காப்பு எப்போதும் அந்த மூலையில்தான் வைப்பார்கள். அங்கிருந்தே பிடுங்க ஆரம்பித்தார். வயிற்றை வைத்துக்கொண்டு குனிய முடியாமல் மண்ணில் உட்கார்ந்தே நகர்ந்து நகர்ந்து இழுத்தார். அப்பா ஓடி வந்து பார்த்தார், மற்ற மூலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வயலில் அன்னம்மாள் பாட்டியின் தலை தெரிந்தது. மத்தியானத்துக்குள் காலனிப் பொம்பளைகள் அத்தனை பேரும் வயலில்.

பிடுங்கியதைத் தரையில் போடக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரையில் போட்டால் படுத்துக்கொண்டே வேர் விடும். ஆங்காங்கே மூங்கில் கவட்டை நட்டு, அதில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். பூவை மட்டும் தனியாகக் கிள்ளிச் சாக்கில் கட்டினார்கள். பிறகு எல்லோருமாக நாலாவில் இறங்கினார்கள். மண்டல் தன் பக்கத்து ஆட்களோடு வந்து சேர்ந்துகொண்டார். ரெஃப்யூஜியே ரெஃப்யூஜியை விரட்டுகிறான், இந்த வேடிக்கை எங்கே நடக்கும் என்று அவர் இந்தியில் சொல்ல, அப்பா புரியாமலே சிரித்துவைத்து, பிறகு மாமாவிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு இன்னொரு தரம் சிரித்தாராம்.

போகி அன்று காய்ந்த கொடியை எல்லாம் குவித்துக் கொளுத்தினார்கள். நன்றாகக் காயாதது நிறைய. தீ பிடிக்காமல் ஒரே புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு நின்றார்கள். மண்டலின் மனைவி அவர்கள் சங்கராந்திக்குச் செய்த அரிசிப் பிட்டாவை, நம் கொழுக்கட்டை மாதிரி, ஒரு தட்டில் கொண்டுவந்து, அந்தப் புகையிலேயே எல்லோர் கையிலும் வைத்தார். உள்ளே தேங்காயும் வெல்லமும். அந்தப் பிட்டாவுக்கும் புகை வாசனை என்று அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காப்பில்லாமல் எங்கள் வீட்டுக் கூரை மறுபடி மொட்டை. அன்றிலிருந்து பங்குனி வரைக்கும் வீட்டுக்குள் நுழையும்போது தலையைக் குனிந்துகொண்டே நுழைவேன், மேலே பார்க்கப் பயம் என்று அம்மா சொல்வார்.

பங்குனியில் நான் பிறந்தேன். பிறந்து கொஞ்ச நாளில் எனக்கும் காய்ச்சல் வந்தது. மூத்தவனுக்கு வந்த மாதிரியே. மாமா டிபார்ட்மென்ட் லாரியை நிறுத்திக் கெஞ்சி எங்களை ரங்கத் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். உள்ளே அம்மா என்னை மடியில் வைத்திருக்க, மாமா வெளியே மரத்தடியில் நின்றார். அப்பா டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, "என் தங்கச்சி இனி என் மொகத்துல முழிப்பாளா மாப்ள?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் மனதில் எல்லாம் ஓடியது. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அண்ணனைச் சபித்திருப்பேன், அதனால்தான் திறக்கவில்லை என்பார். காய்ச்சல் இறங்கிய பிறகு மாமாவை உள்ளே கூப்பிட்டு என்னை அவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

நாலாவின் மேற்பாதி தப்பித்தது. கீழ்ப்பாதியைக் கடைசி வரைக்கும் முழுதாக மீட்க முடியவில்லை. வருஷா வருஷம் மார்கழி பிறந்தால் பிடுங்குவதும், கவட்டையில் தொங்கவிடுவதும் எங்கள் காலனியில் கோலம் போடுகிற மாதிரி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மாமா பாறைக்குப் பக்கத்து மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வருவது அம்மாவின் வேலை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறுவாராம்.

நான் பிறந்த அந்த வருஷத்து மார்கழியில் ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு புதுக் குடும்பம் வந்து இறங்கியது. பெண்ணின் பெயர் மரகதம். கல்யாணமாகி வந்த கையோடு கப்பல் ஏறியவள், எதைப் பார்த்தாலும் அழுகிறவள். ஒரு நாள் காலை நாலாவின் கீழ்க்கரையிலிருந்து அவள் ஓடி வந்தாள். கை நிறையக் கொடி, கொடி நிறையப் பூ. வந்ததிலிருந்து முதல் தரமாக முகத்தில் சிரிப்பு.

"அக்கா, நம்மூருப் பூளை மாதிரியே இருக்குது பாருங்க. காப்புக்கு ஆச்சு."

அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். லேசாகப் பாயச வாசனை வரும் அந்தப் பூவுக்கு. திட்டவில்லை, விளக்கவும் இல்லை. கவட்டையில் தலைகீழாகத் தொங்கவிட்டார். மரகதத்தின் முகம் சுருங்குவதற்குள் இடுப்பிலிருந்த என்னை இறக்கி அவள் கையில் கொடுத்தார்.

"இவ காப்புக் கட்டாத ஊட்டுல பொறந்தவ. கனமா இருக்காளா?"

"கனமாத்தான் இருக்காக்கா."

"செத்த நேரம் நீயே தூக்கிக்க. கீழ்க்கரையில எந்த எடத்துல இருந்துச்சுன்னு காட்டு, வா."